எஞ்சியவள்தான் திருடியா?

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம். சாரல் காலத்தில் அங்கே சூரியகாந்தி பூத்துவிட்டால் போதும்! குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் அந்தப் பூக்களையும் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

அப்படி மூன்று நண்பர்கள் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் தையற்காரர். மற்றவர் மளிகைக் கடைக்காரர். ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி என்று ஆளுக்கு ஓர் அருவியில் குளித்துவிட்டு, மாலையில் பூந்தோட்டத்தில் சந்தித்தார்கள்.

யார் எங்கே குளித்தார்? துப்பு இரண்டே இரண்டுதான். சிற்றருவியில் குளித்தவர் ஆசிரியரைவிட இளையவர், தையற்காரரைவிட மூத்தவர். இது ஒன்று. ஆசிரியர் ஐந்தருவிப் பக்கமே போகவில்லை. இது மற்றொன்று.

சிற்றருவியில் குளித்தவர் ஆசிரியரும் அல்லர், தையற்காரரும் அல்லர். அப்படியானால் அவர் கடைக்காரர்தானே? சிற்றருவி போயிற்று. ஐந்தருவிக்கும் போகாத ஆசிரியருக்கு மிஞ்சியது பழைய குற்றாலம். தையற்காரருக்கு ஐந்தருவி. விடை கிடைத்துவிட்டது!

இன்னார் இங்கே குளித்தார் என்று யாரும் சொல்லவில்லை. 'இல்லை, இல்லை' என்று தள்ளித் தள்ளியே 'ஆம்' கண்டுபிடிக்கப்பட்டது.

பழைய சரக்கு

இது துப்பறியும் கதைகளோடு மேல்நாட்டிலிருந்து வந்த வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை! வஞ்சி மாநகரில் மணிமேகலை கேட்ட பத்து அளவைகளில் 'மீட்சி' என்று ஒன்று உண்டு. இராமன் வென்றான் என்று கேட்டதும், இராவணன் தோற்றான் என்று அறிவது அது. 13-ம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரும் அளவைகளைச் சொல்லும்போது 'ஒழிபு' என்பதைச் சேர்த்துச் சொல்கிறது. மற்றவற்றை ஒழித்து, எஞ்சியதைத் துணிவது ஒழிபு.

இன்று பத்திரிகையில் சுடோகுக் கட்டம் போடுகிறவர்கள் செய்வதும் இதுவே. 1 முதல் 9 வரை உள்ள எண்களில் 8 எண்கள் அடிபட்டால், எஞ்சிய எண்ணே விடை.

எங்கே தவறுகிறது?

ஆனால் இந்த வித்தைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தள்ளுவதற்குக் காரணம் வேண்டும். மூவரில் ஒருவர் புலியருவிக்குப் போயிருந்தால் மேலே கண்ட கணக்கு என்ன ஆகும்? அத்தனையும் பொய்!

புதிரில் பொய்த்தால் நஷ்டமில்லை. வீட்டில் பொய்த்தால்?

கல்யாண வீட்டில் மோதிரம் காணோம். அறைக்குள் போனவர்கள் ஐந்து பேர். "அவர் மாமா, அவரைச் சொல்ல முடியுமா? இவள் அத்தை மகள். அவர்கள் இருவரும் சம்பந்தி வீட்டார்." நால்வரும் தள்ளப்பட்டார்கள். எஞ்சியவள் பாத்திரம் தேய்க்க வந்த பெண். உடனே, "எடு மோதிரத்தை!" என்று அதட்டல்.

இதுவா ஒழிபு? நால்வரைத் தள்ளியது சாட்சி அல்ல, உறவு. பட்டியலும் அரைகுறை. மோதிரம் தவறி விழுந்திருக்கலாம், வைத்தவரே இடத்தை மறந்திருக்கலாம் என்பது அதில் இல்லவே இல்லை. மூன்றாம் நாள் பட்டுப்புடவை மடிப்பிலிருந்து மோதிரம் உருண்டு விழும். அதற்குள் அந்தப் பெண்ணுக்குத் தெருவெல்லாம் திருட்டுப் பட்டம். அடுத்த வீட்டிலும் வேலை போயிருக்கும்.

நல்ல மருத்துவரைப் பாருங்கள். விடாத காய்ச்சல் என்றால் மலேரியாவா, டைபாய்டா, டெங்குவா என்று இரத்தத்தைச் சோதித்து ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். இரண்டு இல்லை என்றதும், 'அப்படியானால் மூன்றாவதுதான்' என்று அவர் துள்ளுவதில்லை. பட்டியலில் வராத நோய் ஏதும் உண்டா என்று மறுபடியும் யோசிக்கிறார். அதுதான் முறை.

பிள்ளைகள் புதிர் போடுவதைப் பெற்றோர் தடுக்க வேண்டாம். பொழுது வீணாகிறது என்று திட்டவும் வேண்டாம். விடை வந்ததும் இரண்டு கேள்வி மட்டும் கேட்கட்டும். 'எதனால் தள்ளினாய்? எல்லாவற்றையும் எண்ணினாயா?' அந்தப் பழக்கம் பிள்ளைக்கு வந்துவிட்டால், நாளை அவன் யார்மேலும் எளிதில் பழி போடமாட்டான்.

கட்டத்தில் தப்பாகப் போட்ட எண்ணை ரப்பரால் அழித்துவிடலாம். ஓர் ஏழைமேல் போட்ட பழியை எந்த ரப்பர் அழிக்கும்?