சாவிக்குள் குட்டி எமன்!

சென்னை,
ராத்திரி 11 மணி. காருக்குப் பக்கத்தில் நின்றபடி ஒருவர் சாவியை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறார். கதவு திறக்கவில்லை. "கார் திருடனா இருப்பானோ?" என்று தெருவே எட்டிப் பார்க்கிறது!

குற்றவாளி அவரல்ல. சாவிக்குள் இருக்கும் வட்ட பாட்டரி! பல கார் சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற லித்தியம் பாட்டரி. அகலம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர்.

இது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். தூரத்தில் நின்று அமுக்கினாலே திறந்த கதவு, கிட்டே போனால்தான் திறக்கும். இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டி வரும். சந்தேகமா? மல்ட்டிமீட்டரில் வைத்துப் பார்க்கலாம். புதுசு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.8-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுவதே நல்லது. மூடியை நெம்பித் திறந்து, பழசில் கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கமாகப் புதுசைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை!

பழசு எங்கே?

கழற்றிய பழசு எங்கே போகிறது? மேஜை மேலே, டி.வி.க்குப் பக்கத்திலே! அங்கேதான் ஆபத்து. காருக்குச் செத்த பாட்டரி, குழந்தையின் தொண்டைக்குச் சாகவில்லை. விழுங்கினால், மிச்சமுள்ள மின்சாரம் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை வெந்து போகச் செய்துவிடும்.

அமெரிக்காவில் 2020-ல் ரிமோட் பாட்டரியை விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. அதன் பெயரிலேயே 2022-ல் சட்டம் வந்தது. குழந்தை பிரிக்க முடியாத உறையில்தான் இந்த பாட்டரியை அங்கே விற்க வேண்டும்.

இங்கே? பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை, 2022-ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் தலையில் வைத்திருக்கின்றன. ஏட்டில் இருந்தால் போதுமா? விற்கிற ஒவ்வொரு கடையிலும் ஒரு டப்பா வைத்து, பழசை வாங்கிக்கொண்டுதான் புதுசைக் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை பெற்றோர்தான் காவல். பழசின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

பாட்டரி தீர்ந்தாலும், பல ரிமோட் சாவிகளுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி கார் கதவைத் திறந்துவிடும். போன உயிரைத் திருப்பித் தர எந்தச் சாவி இருக்கிறது?