‘சகஜம்’ என்று சொல்லி மூடிவிடலாமா?

திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையின் சந்நிதியில் நின்று, கருவுற்ற மகளுக்காக மனமுருக வேண்டிக்கொள்ளும் தாய்மார்கள் அநேகர். வளைகாப்பு, சீமந்தம், பிரசவம், பத்தியம், புண்ணியாகவாசனம் என்று ஒவ்வொன்றையும் முறை தவறாமல் கவனிக்கும் வீடுகளில்கூட, ஒரு விஷயம் மட்டும் பேசப்படாமலே போய்விடுகிறது. பிள்ளை பெற்ற பெண், இருமும்போதும் தும்மும்போதும் உரக்கச் சிரிக்கும்போதும் தன்னையறியாமல் சிறுநீர் கசிவதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னாலும், “பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்; போகப் போகச் சரியாகிவிடும்” என்ற பதிலே கிடைக்கிறது.

சகஜம் என்பது உண்மைதான். பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இத்தொல்லை உண்டாகிறது. ஆனால், பலருக்கும் வருவது என்பது வேறு. தீர்வே இல்லாதது என்பது வேறு. வயதானால் கண்புரை வருவதும் சகஜம்தான். அதற்காக யாரும் சிகிச்சை செய்துகொள்ளாமல் இருந்துவிடுவதில்லை.

இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து முதுகுத்தண்டின் நுனி வரை, குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போலச் சில தசைகள் விரிந்திருக்கின்றன. இவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்பர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இவையே. மாதம் ஏற ஏறக் கருவின் பாரம் இவற்றின் மீது அழுந்துகிறது. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் மூட்டுகளும் திசுக்களும் தளர்கின்றன. சுகப்பிரசவத்தின்போது இத்தசைகள் பெரிதும் விரிகின்றன. சிலருக்குக் கிழிவதும் உண்டு. சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கும் கர்ப்பத்தின் சுமை இருந்தே இருப்பதால், அவர்களுக்கு இத்தொல்லை வராது என்று கூற இயலாது.

இத்தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்த முடியும் என்பதை 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவர் ஆர்னால்டு கெகல் தம் கட்டுரையில் விளக்கினார். இன்றும் இது அவர் பெயராலேயே கெகல் பயிற்சி என வழங்குகிறது. செய்முறை எளியது. வாயு வெளியேறுவதையும் சிறுநீர் பிரிவதையும் ஒருசேர அடக்குவதுபோல அப்பகுதியை உள்ளும் மேலுமாக இழுத்து, சில விநாடிகள் நிறுத்தி, பின்னர் முழுவதும் தளர்த்த வேண்டும். படுத்தும் அமர்ந்தும் செய்யலாம். மூச்சை அடக்கலாகாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாகாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் கூடாது. இருமல், தும்மல் வருவதை உணர்ந்தவுடன் முன்கூட்டியே இத்தசைகளை இறுக்கிக்கொள்வதும் கைகொடுக்கும். யோகம் பயின்ற அன்பர்களுக்கு மூலபந்தம் நினைவுக்கு வரலாம். ஆயினும், அதில் மூச்சை நிறுத்தும் முறையும் சேர்ந்து வருவதால், கர்ப்பிணிகள் அதை இதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

கசிவு உள்ள பெண்கள், தேர்ந்தவர் மேற்பார்வையில் ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை வீதம் தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம் இப்பயிற்சியைச் செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. மாதாந்தரச் சேமிப்பைப் போல, இடையில் நிறுத்தாமல் செய்தால்தான் பலன் தெரியும். கசிவு தொடங்கும் முன்பே, கருவுற்ற ஆரம்ப மாதங்களிலிருந்து செய்துவரும் பெண்களுக்குப் பின்னர் கசிவு ஏற்படும் வாய்ப்பு குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்துள்ளது. சிக்கலான கர்ப்பமாயின், மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

எளிய பயிற்சிதானே, இதற்கு ஒருவரிடம் செல்ல வேண்டுமா என்ற ஐயம் எழலாம். மேலே இழுப்பதாக எண்ணிக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிறவர்கள் பலர். அது இருக்கும் தளர்ச்சியை இன்னும் மிகுதியாக்கும். வேறு சிலருக்குத் தசை தளராமல், மாறாக எப்போதும் இறுகியே இருந்து வலி தரும். அவர்களுக்கு முதலில் வேண்டியது தளர்த்தும் பயிற்சியே. இவற்றைப் பரிசோதித்து அறிந்து, அவரவர்க்கு ஏற்றதைக் கற்றுத்தருபவரே இயன்முறை மருத்துவர். மகப்பேற்றுக்குப் பிந்தைய நலனில் தேர்ந்த பெண் மருத்துவர்களும் இத்துறையில் இருக்கின்றனர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. பிரான்ஸ் நாட்டில், பிரசவித்த பெண்களுக்கான இப்பயிற்சியின் செலவை அரசின் சமூகக் காப்பீடே ஏற்கிறது.

வீட்டுப் பெரியவர்களின் பங்கு இதில் சிறிதன்று. ‘தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும்’ என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. காய்கறியும் குறைந்து தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல் வரும். அதனால் முக்குவதே இத்தசைகளுக்குப் பெரும் பகை. தாய்ப்பால் கொடுப்பவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் வேண்டும். வயிற்றைத் துணியால் மிக இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கிச் செல்லும் என்பதையும் கருத வேண்டும். தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் சில வாரங்களுக்கு வேறு யாரேனும் தூக்கட்டும். அடியில் ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு, சிறுநீர் பிரியாமை, காய்ச்சல், மிகுந்த உதிரப்போக்கு ஆகியவை தோன்றினால் பயிற்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இத்தொல்லை இளம் தாய்மார்களுடன் முடிந்துவிடுவதும் இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிள்ளை பெற்றபோது ‘சகஜம்’ என்று கேட்டு மௌனமானவர்களில் பலர், இன்று பிரதோஷத்துக்குக் கோயிலுக்குச் செல்வதையே விட்டுவிட்டனர். நெடிய வரிசையில் நிற்க அச்சம். பிராகாரத்தை வலம்வர அச்சம். விழுந்து நமஸ்கரித்து எழும்போது புடவை நனைந்துவிடுமோ என்ற கூச்சம். முழங்கால் வலி என்று வீட்டாரிடம் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு, வாசலிலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டுக்கொள்கின்றனர். அறுபதைக் கடந்தவர்களுக்கும் இப்பயிற்சி பலன் தரக்கூடியது. கருப்பை இறக்கம் இருப்பினும் தொடக்க நிலையில் இப்பயிற்சி உதவும். முற்றியிருந்தால் தாங்கு வளையமோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். எதுவாயினும் மருத்துவரிடம் வாய் திறந்து சொன்னால்தான் வழி பிறக்கும்.

ஆகவே, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகளிடமோ, பேரனைக் கையில் ஏந்தி நிற்கும் மருமகளிடமோ, பால் சுரக்கிறதா, பசி எடுக்கிறதா என்று கேட்கும்போதே இதையும் பெரியவர்களே தனிமையில் கேட்கலாம்: “இருமினால் தும்மினால் கசிகிறதா, அம்மா? கூச்சப்படாதே. அதற்கு மருத்துவம் இருக்கிறது. நானும் உடன் வருகிறேன்.” தமக்கும் அத்தொல்லை இருப்பின், அதே நாளில் தாமும் மருத்துவரைப் பார்த்து வரலாம்.