பிறப்பைக் கேட்டுச் சேர்க்கும் கூட்டங்கள் கல்லூரிக்கு வேண்டா

2008 நவம்பர் 12 அன்று, சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தை ஒட்டியிருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில், சட்டம் பயில வந்த பிள்ளைகள் தம்மோடு பயின்றவர்களைக் கட்டைகளால் அடித்து வீழ்த்தினர். வீழ்ந்தவர் அசைவற்றுக் கிடந்த பின்னும் அடி ஓயவில்லை. காவலர்கள் வாயிலில் நின்று பார்த்திருந்தனர். தொலைக்காட்சி வழியே நாடே அதனைக் கண்டது. தலைவர் ஒருவரின் பிறந்தநாள் விழாவுக்காக மாணவர் குழுவினர் அச்சிட்ட தாளில், கல்லூரியின் பெயரிலிருந்த அம்பேத்கர் விடுபட்டதே உடனடிக் காரணம். அதற்கு முன்பே அக்கல்லூரியிலும் விடுதியிலும் மாணவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தனர் என்பதை அனைவரும் அறிவர். அரசு நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018இல், கல்லூரி பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பெயர்ந்தது. கட்டடம் இடம் மாறியது. மாணவரைப் பிறப்பால் பிரிக்கும் பழக்கம் தமிழகம் முழுதும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மாணவரிடையே தாமாக முளைக்கும் இத்தகைய குழுக்களைக் கல்லூரிகளிலிருந்து அறவே ஒழிக்க வேண்டுமா என்பது இன்று எழுந்திருக்கும் வினா. அமெரிக்க நாட்டில் இருநூறு ஆண்டுப் பழக்கமுடைய மாணவர் சகோதரக் கழகங்களைப் பற்றி இதே வினா நெடுங்காலமாக எழுப்பப்படுகிறது. நம் நாட்டில் அக்கழகங்களுக்குரிய கிரேக்க எழுத்துகளும் மாளிகைகளும் இல்லை. நம் குழுக்களுக்குச் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறும், சுவரொட்டியும், பேருந்தின் படிக்கட்டும் போதும். ஆயினும் உள்ளே நுழைபவனைச் சிறுமைப்படுத்திச் சேர்த்துக்கொள்வதும், சேர்ந்தவனை வெளியாருக்கு எதிராக நிறுத்துவதும் இரண்டிடத்தும் ஒன்றே. பிறப்பையும் மூப்பையும் அடிப்படையாகக் கொண்ட எந்தக் குழுவும் கல்லூரி வாயிலுக்குள் நிற்க உரிமையற்றது என்பது எமது துணிபு. ஒழிப்பவர்கள் அதோடு கைகழுவிவிட்டால் அந்த ஒழிப்பு நிலைக்காது என்பதையும் சேர்த்தே கூறுகிறோம்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதனைக் கூற எமக்குத் தனிக் கடமை உண்டு. மாட வீதிகளிலும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் சமூகந்தோறும் தனித்தனியே எழுப்பிய சத்திரங்களும் மடங்களும் நிற்கும் ஊர் இது. 2668 அடி உயர மலைமேல் கார்த்திகைத் தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜகுல மரபினருக்குரியது. திருவிழாவில் இன்னின்னார்க்கு இன்ன கடமை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. அதன் நிறைகுறைகளை ஆராய்வது இன்றைய நோக்கமன்று. கோயிற்பணிக்குப் பிறப்பு வழி வந்த உரிமை உண்டு என்று கூறுவோரும், கல்லூரி வகுப்பறையில் எவருக்கும் அவ்வாறான உரிமை உண்டென்று கூற இயலாது. மதிப்பெண்ணும் இடஒதுக்கீட்டுச் சட்டமும் கொடுத்த இருக்கை அது. அங்கே செங்கத்துப் பிள்ளையும் போளூர்ப் பிள்ளையும் சவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்கின்றனர். தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் பட்டியலின மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால்வைக்க 2023 சனவரி 30 வரை காத்திருக்க நேர்ந்தது. மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் உடன் நின்ற பின்னரே அது நடந்தது. அத்தகைய ஊர்களின் இரு தெருப் பிள்ளைகளும் அச்சமின்றி ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நடக்கக்கூடிய முதல் இடம் பெரும்பாலும் கல்லூரியே. அந்த ஓர் இடத்தையும் தெருவைப் போலவே பிரித்துக் கொடுத்துவிட்டால் அப்பிள்ளைகளுக்கு வேறு இடம் ஏது?

பிரிப்பு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்கு படித்துவந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த சிறுவர்கள். 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில், தன்னோடு கல்லூரியில் பயின்ற பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டுப் பின்னர் இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். அவர் பட்டியலினத்தவர், அப்பெண் வேறு சாதியினர். சாதி அமைப்பொன்றின் தலைவர் உள்ளிட்டோர்க்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. கல்லூரித் தோழமையே குற்றமாகக் கருதப்பட்ட வழக்கு அது. இக்குழுக்கள் ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணுவோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கயிறு ஆணின் கையில் இருக்கிறது. அதன் காவல் பெண்ணின் மேல் விழுகிறது. எவரோடு பேசுகிறாள், எவர் வண்டியில் வந்தாள், எவருக்குக் குறிப்பேடு கொடுத்தாள் என்று கணக்கெடுப்பதே பல குழுக்களின் நித்திய வேலை. மகளிர்க்கென்று தனிக் குழுக்கள் நம் கல்லூரிகளில் அரிதே. ஆயினும் இக்குழுக்களால் நட்பையும் படிப்பையும் மிகுதியாக இழப்பவர் அவர்களே.

மூப்பை அடிப்படையாகக் கொண்ட கொடுமை வேறொரு வகை. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்டார். அந்த அதிர்ச்சியில் தமிழகம் பகடிவதையைத் தடைசெய்யும் சட்டத்தை 1997இல் நிறைவேற்றியது. விசாரணை நீதிமன்றம் தந்த தண்டனையை 2001இல் உயர்நீதிமன்றம் நீக்கியது. உச்சநீதிமன்றம் 2011இல் ஆயுள் தண்டனையை மீட்டு நிறுத்தியது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் ஒருவர் 1997இல் பகிடிவதையால் உயிரிழந்த பின், மறு ஆண்டே அதனைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரு நாடுகளிலும் சட்டம் இருக்கிறது. கொடுமை முன்னளவு வெளிப்படையாக இல்லை. மறைந்துவிட்டது என்றும் எவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லமாட்டார்.

சென்னையின் 'ரூட்டு தல' பழக்கத்தையும் இங்கே கருத வேண்டும். பேருந்துத் தடமும் புறநகர் ரயில் தடமும் மாணவருக்கு நாடாகிவிடுகின்றன. தடத்துக்கொரு தலைவன், தலைவனுக்கொரு படை. உயர்நீதிமன்றம் தடுத்த பின்னும் பேருந்து தினம் கொண்டாடப்பட்டது. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் ஓடும் பேருந்திலிருந்து மாணவர்களை இழுத்து அரிவாளால் வெட்டினர். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் சில நாள்களில் மாண்டார். திருத்தணிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் படிக்க வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை அவர். தாக்கியவர்களும் அவரைப் போன்ற எளிய வீட்டுப் பிள்ளைகளே. இதைக் காவல்துறையின் ஏட்டில் ஒரு குற்ற எண்ணாக மட்டும் வைத்துவிட்டு நகர எமக்கு மனம் ஒப்பவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலைக் கண்ட குடும்பங்களில் ஒரு பிள்ளை சுடுகாட்டுக்கும் மற்றவர் சிறைக்கும் போயினர். எந்தப் பகையும் இல்லாத பிள்ளைகளுக்குப் பகையைக் கொடுத்தது ஒரு குழுவின் 'கெத்து' மட்டுமே.

சாதிவாரியான மாணவர் அமைப்புகள் நன்மையே செய்ததில்லையா என்று வினவுவோர் உண்டு, அவ்வினா மதிப்புக்குரியது. கோல்ஹாப்பூரில் சாகு மகாராஜர் 1901 முதல் ஒவ்வொரு சமூகத்துக்கும் விடுதி அமைத்தார். தென்மாவட்டங்களில் நாடார் சமூகத்தார் தம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் கண்டு உயர்ந்தனர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக்கழகம் தொடங்கி, வேறெங்கும் சேர்க்கப்படாத பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தார். நம் மண்ணின் மைந்தர் அவர். அவர் செய்ததை எண்ணி நாம் பெருமிதம் கொள்கிறோம். அவர்கள் விடுதி கட்டிய காலத்தில் பொது விடுதியின் கதவு அப்பிள்ளைகளுக்கு மூடியிருந்தது. திறந்ததாகச் சொல்லப்பட்ட கதவுக்குள்ளும் என்ன நடந்தது என்பதைச் சேரன்மாதேவி காட்டியது. தேசத் தொண்டுக்கென்று, காங்கிரசின் நிதியுதவியும் பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி இடப்பட்டதும், பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் 1924-25இல் அதனை எதிர்த்து எழுந்ததும் தமிழக வரலாற்றின் திருப்புமுனைகள். அன்றைய சமூக விடுதி பசித்தவனுக்கு இலை போட்டது. இன்று கயிறு கட்டித் திரியும் குழு எவனுக்கும் ஒரு வேளை உணவோ ஒரு புத்தகமோ கொடுத்து நாம் கண்டதில்லை. சகஜானந்தரின் பெயரைச் சொல்லி அக்குழுக்களை நியாயப்படுத்துவது அப்பெரியவருக்கு இழைக்கும் அநீதி.

அவ்வாறாயின் பிள்ளைகள் ஏன் அவற்றில் சேர்கின்றனர்? இதற்கு விடை காணாமல் ஒழிப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. விடியுமுன் கிளம்பி இரு பேருந்து மாறி நகருக்கு வரும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளில் எவரையும் தெரியாது. விண்ணப்பத்தை நிரப்பவும், சாதிச் சான்றிதழ் நகலெடுக்கவும், கல்வி உதவித்தொகைக்கு எந்த மேசையை அணுகுவது என்று அறியவும், தங்க ஓர் அறை தேடவும் அவனுக்கு ஆள் வேண்டும். கல்லூரி அலுவலகம் நாளை வா என்கிறது. "நம்ம ஊரா தம்பி? நம்ம ஆளா?" என்று கேட்டு முன்வருபவன் குழுவின் மூத்தவன். அந்தக் கேள்வியில் பரிவும் இருக்கிறது, பொறியும் இருக்கிறது. உதவி பெற்ற பிள்ளை மூன்றாண்டு அதற்குக் கடன்பட்டவனாகிறான். அடிதடி வரும்போது அக்கடனைத் திருப்பிக் கேட்கின்றனர்.

அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரி 1962இல் சகோதரக் கழகங்களைக் கைவிட முடிவெடுத்தபோது, மாணவர் அனைவர்க்கும் உறைவிடமும் உணவும் தருவது கல்லூரியின் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது. போடின் கல்லூரி 1997இல் அதே முடிவுக்கு வந்து, கழகங்களின் இல்லங்களைத் தானே வாங்கி எல்லா மாணவர்க்கும் உரியனவாக்கியது. கழகங்கள் அங்கே மீண்டும் வேரூன்றாமைக்கு இதுவே காரணம் என்று கருதுகிறோம். கழகங்கள் தொடரும் கல்லூரிகளிலோ சேர்க்கைச் சடங்குகளில் இளைஞர் உயிர்கள் போய்க்கொண்டே இருந்தன. 2024 டிசம்பரில் அச்சடங்குகளின் கொடுமை குறித்து அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இங்கே என்ன செய்தோம்? பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடுக்கும் சுற்றறிக்கை 2019இல் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் துறை அமைச்சரே அதனைக் கைவிட்டார். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், எல்லாச் சமூகத்தாரையும் உள்ளடக்குவதற்குத் தனிச் சட்டம் எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. நெற்றிக்குறித் தடையில் மட்டும் எமக்கு உடன்பாடில்லை. ஆருத்ரா தரிசனத்துக்குப் பின் தீப மையைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொள்ளும் பிள்ளைகளின் ஊர் இது. எல்லாச் சாதியாரும் வாங்கி இடும் மை அது. அதனைச் சாதி அடையாளத்தோடு ஒரே பட்டியலில் வைத்ததால், நல்ல அறிக்கையைத் தள்ளிப்போட நினைத்தவர்களுக்கு எளிய காரணம் கிடைத்துவிட்டது. அவ்வொரு வரியை நீக்கிவிட்டேனும் எஞ்சியவற்றை அரசு சட்டமாக்க வேண்டும். கல்லூரிகளையும் அச்சட்டத்தின் வரம்பில் தெளிவாகக் கொண்டுவர வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் கூறு அளிக்கிறது. அதே கூறு பொது ஒழுங்கையும் நன்னெறியையும் கருதிய கட்டுப்பாட்டையும் அனுமதிக்கிறது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் கூறு எந்த விதிவிலக்கையும் அனுமதிக்கவில்லை.

ஒழிக்கும் இடத்தில் எதை வைப்பது? முதலாவது, தேர்தல். மாணவர் பேரவைத் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு உச்சநீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. தமிழகக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இன்றும் மாணவர் பேரவைத் தேர்தலை அஞ்சி ஒதுக்குகின்றன. 1965இல் மொழிக்காகத் தெருவில் இறங்கியும், 2017இல் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் இரவு பகலாக அமர்ந்தும், சாதி கேளாமல் ஒன்றுபடத் தெரிந்தவர்கள் தமிழக மாணவர்கள். அவர்களுக்கு முறையான தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழியை அடைத்துவிட்டு, படிக்கட்டில் தொங்கித் தலைவனாகிறவனைக் கண்டு வருந்துவதில் பொருளில்லை.

இரண்டாவது, விடுதி. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் என்று துறைவாரியாக நின்ற அரசு விடுதிகள் அனைத்துக்கும் சமூகநீதி விடுதி என்ற பெயரை 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. பெயர்ப்பலகை மாறியது நன்று. அறைகளில் எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் கலந்து தங்கி ஒரே கூடத்தில் உண்ணும் நாளே அப்பெயருக்குப் பொருள் தரும். அந்தந்தப் பிரிவின் இடஒதுக்கீட்டு எண்ணிக்கை குறையாமல் இதனைச் செய்ய இயலும். அவ்வுறுதி இல்லாமல் கலப்பைப் பேசினால் எளியவர்களே இடம் இழப்பர் என்பதால் அதனை எழுத்தில் தர வேண்டும்.

இம்மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு, சட்டம் வரும்வரை காத்திராமல் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. சேர்க்கை நடைபெறும் நாள்களில் வாயிலருகே ஓர் உதவி மேசை போட்டு, ஆசிரியர் ஒருவரையும் பல ஊர்களிலிருந்து வந்த மூன்றாமாண்டு மாணவ மாணவியரையும் அமர்த்தலாம். சான்றிதழ், உதவித்தொகை, பேருந்து அட்டை, விடுதி ஆகிய நான்குக்கும் அங்கேயே வழிகாட்டலாம். செங்கம், போளூர், வேட்டவலம், ஜமுனாமரத்தூர்த் தடங்களில் முதல் மாதம் முழுதும் ஆசிரியர் ஒருவர் மாணவரோடு பேருந்தில் வரலாம். இதற்குப் பெருநிதி வேண்டா. முதல்வர்கள் மனம் வைத்தால் ஜூன் மாதத்திலேயே நடக்கும். நடத்துமாறு மாவட்ட ஆட்சியர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விண்ணப்பிக்கிறோம்.