ஓடுகிற பிள்ளைக்கு 'சோம்பேறி' பட்டமா?

(மூன்றாம் ஆண்டு இ.சி.இ. மாணவர்)



புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'சிறு குழந்தைகளின் ஓட்டத்தை அளக்கும் கருவி' என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு எம்.பி.யு. 6050 சென்சார், அர்டுயினோ போர்டு, மெமரி கார்டு, பேட்டரி. சென்சாருக்குள் சிலிக்கானில் செதுக்கிய துளி எடை ஒன்று இருக்கிறது. அது அசைந்தால் கெப்பாசிட்டன்ஸ் மாறும், அவ்வளவுதான் சங்கதி. எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு, நாடா வைத்துத் தைத்து, அக்கா மகளின் இடுப்பில் கட்டினோம். வயசு நாலு. சாயங்காலம் பூரா தெருவில் ஓடிப்பிடித்து ஆட்டம். ராத்திரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால், 'பெரும்பாலும் அசைவில்லை' என்று ரிசல்ட்!

"ஏன்டா தம்பி, ஒரு நாள் இவள நீ வச்சுப் பாரு, அப்புறம் மிஷினைப் பத்திப் பேசு" என்றாள் அக்கா.

தப்பு எங்கே? முதலில், நாங்கள் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் சராசரி எடுத்திருந்தோம். பிள்ளைகள் நிமிஷக் கணக்கிலா ஓடுகிறார்கள்? 1995-ல் அமெரிக்காவில் பெய்லி குழுவினர் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். வேகமான ஆட்டங்களில் பாதி 3 விநாடிக்கு மேல் நீடிக்கவில்லை. நூற்றுக்கு 95 ஆட்டம் 15 விநாடிக்குள் முடிந்தது. இதை ஒரு நிமிஷத்தில் போட்டுக் கரைத்தால் என்ன மிஞ்சும்? குடத்துத் தண்ணீரில் சிட்டிகை உப்புதான்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். ஆக்டிகிராஃப் என்ற ஆராய்ச்சிக் கருவி 'கவுண்ட்' என்று ஓர் அளவு தரும். அதை வைத்து 2006-ல் ரஸ்ஸல் பேட் குழு 3–5 வயதினருக்கு, 15 விநாடிக்கு 420 கவுண்ட் வந்தால் மிதமான உழைப்பு என்றது. 2008-ல் ஈவன்சன் குழு 5–8 வயதினருக்கு 574 என்றது. நாங்கள் பாட்டுக்கு 574-ஐ எடுத்து எங்கள் புரோகிராமில் சொருகிவிட்டோம். எங்கள் சென்சார் தருவதோ 'ஜி' கணக்கு! படியால் அளந்ததை லிட்டரில் எழுதின கதை. நாம் லேபில் போடும் பேன்ட்பாஸ் ஃபில்டர் மாதிரி ஒன்றில் வடிகட்டின பிறகுதான் அது கவுண்ட் ஆகிறது. அந்தக் கணக்கு முழுசாக வெளியில் வந்ததே 2022-ல்தான்.

சரி, எங்கள் தப்பு எங்களோடு. ஆனால் அசல் கருவியிலேயே 500 கவுண்ட் வந்த குழந்தை ஒரு கோட்டின்படி பாஸ், இன்னொன்றின்படி ஃபெயில். 3, 4 வயதினர் தினமும் 180 நிமிடம் ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த 60-ஐ எட்டினாளா என்பது, நாம் கோட்டை எங்கே கிழித்தோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. மூன்று சக்கர சைக்கிள் மிதித்தால் இடுப்பு சென்சாருக்கு அது பாதி தெரியாது.

அப்போ தூக்கிக் குப்பையில் போடுவதா? வேண்டாம். பெற்றோரைக் கேட்டால் "எந்நேரமும் ஆட்டம்தான்" என்பார்கள். நாள் பூரா பின்னாலேயே போய்ப் பார்க்கவும் ஆள் கிடையாது. என் கருத்து இதுதான்: ஒரு குழந்தைக்கு மார்க் போட இதைக் கட்டாதீர்கள். பெரியவர்கள் போட்ட டைம்டேபிளுக்கு மார்க் போடக் கட்டுங்கள். மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு அவளை எல்.கே.ஜி.க்கும் பையோடு அனுப்பினோம். காலையிலிருந்து இன்டர்வெல் வரைக்கும் கிராஃப் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. பெல் அடித்ததும் துள்ளுது பாருங்கள்! பிள்ளைகளை நீண்ட நேரம் உட்காரவைக்கக் கூடாது என்பதும் அதே 2019 வழிகாட்டலில்தான் இருக்கிறது. மிஸ் கிராஃபைப் பார்த்துவிட்டு, "கிரவுண்டே இல்லையேப்பா, நான் எங்க விடுறது?" என்றார். நியாயமான கேள்விதான். அதை அவர் தனியாகவா சுமக்கணும்?

'சுறுசுறுப்பு', 'சோம்பல்' என்ற வார்த்தைகளைப் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டோம். இப்போது 15 விநாடிக் கிராஃப் மட்டும் வரும், கீழே எந்தக் கோடு, யார் போட்டது என்று எழுதியிருக்கும். ஜூனியர்கள் யாராவது தொடர்வதானால் பை எலக்ட்ரானிக்ஸ் லேப் பீரோவில் இருக்கிறது. நாடாவை மட்டும் மாற்றித் தையுங்கள், ஓடினால் நழுவுகிறது.