அரசனுக்கு மூன்று, ஜாக்குக்கு முப்பது

சென்ற வாரம் விடத்தல்தீவு இறங்குதுறையில் என் மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியில் போர் நடத்திக்கொண்டிருந்தான். 2016இல் பின்லாந்து தேசத்திலிருந்து வெளிவந்த 'கிளாஷ் ராயல்' என்னும் ஆட்டமது. ஆளுக்கு மூன்று கோபுரங்கள், எட்டுச் சீட்டுகள். மூன்று நிமிடத்துள் பகைவன் கோபுரத்தைத் தகர்த்தல் வேண்டும்.

பையன் தோற்றான். "ஆட்டத்தில் பிழையில்லை, சேர், அவனுடைய சீட்டுகள் தரம் உயர்ந்தவை" என்றான்.

ஒரே சீட்டைப் பலமுறை சேர்த்து, ஆட்டத்துப் பொற்காசும் செலுத்தினால் அதன் வலிமை ஒரு படி ஏறுமாம். பொறுமையுள்ளவன் ஆடியே சேர்ப்பான்; அஃதில்லாதவன் மெய்ப்பணம் கொடுப்பான். தானும் இருமுறை கொடுத்ததாகச் சொல்லித் தலைகுனிந்தான். தகப்பனார் வலை இழுத்துச் சம்பாதித்த காசு அது.

நம்மவர் திண்ணைகளில் ஆடும் முந்நூற்று நாலு என் நினைவுக்கு வந்தது. அதில் அரசனுக்கு 3 புள்ளி, ஜாக்குக்கோ 30! அவ்விசித்திரத்தை வகுத்தவர் எவரோ, நல்ல குறும்பர். ஆயினும் அந்த முப்பதை முப்பத்தொன்றாக்க எந்தச் செல்வந்தனாலும் இயலாது.

சனிக்கிழமை சீட்டுக்கட்டுடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆட்டத்துக்கு நால்வர் வேண்டும்; தகப்பனாரையும் அழைத்துவரச் சொன்னேன். துரும்பு கேட்பதில் அவர் என்னிலும் வல்லவர் என்பது பையனுக்கு இன்னும் தெரியாது.