ஒரு தடவை கேட்டால் போதுமா?

1997 செப்டம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'யார்க்டவுன்' கடலில் இயக்கமற்று நின்றுவிட்டது. குண்டு விழவில்லை. ஒரு மாலுமி கம்ப்யூட்டரில் 0 என்று பதிந்தார். புரோகிராம் அந்தப் பூஜ்யத்தால் வகுக்க முயன்றது, அவ்வளவே! மாலுமியை நான் குறை சொல்லமாட்டேன். தவறு புரோகிராமுடையது.

நீங்கள் எழுதும் மதிப்பெண் சராசரி புரோகிராமையே பாருங்கள். 'எத்தனை பாடங்கள்?' என்று அது கேட்கிறது. 0 என்றால், 'இஃப்' கட்டளை 'தவறு, மீண்டும் தருக' என்கிறது. பிடிவாதமாக மறுபடியும் 0 தந்தால்? பேசாமல் வாங்கிக்கொண்டு வகுக்கப் போகிறது! 'இஃப்' ஒரு தடவைதான் சோதிக்கும். 'வைல்' என்னும் சுழற்சியோ சரியான எண் வரும்வரை விடாது. எனவே கூட்டல், வகுத்தலுக்கு முன்பே இந்தச் சுழற்சியை எழுதிப் பழகுங்கள். பிறகு தம்பியைக் கூப்பிட்டுக் கண்டபடி தட்டச் சொல்லுங்கள். 'ஐந்து' என்று எழுத்தில் தட்டுவான், பாருங்கள்!