கல்வியா, ஏற்றுமதிச் சரக்கா?

அவுஸ்திரேலியாவின் 2018-19ஆம் நிதியாண்டுக்குரிய ஏற்றுமதிப் பட்டியலில் ஒரு விசித்திரம் உண்டு. இரும்புத்தாது, நிலக்கரி, இயற்கை வாயு ஆகிய மூன்றுக்கும் அடுத்து நான்காம் இடத்திலே நிற்பது கல்வி. முன்னைய மூன்றும் நிலத்தைத் தோண்டி எடுத்துக் கப்பலில் ஏற்றப்படுவன. நான்காவது சரக்கோ கப்பலேறுவதில்லை. அதை வாங்குவோரே விமானமேறி அங்கு போய்ச் சேருகின்றனர். அவர்களுள் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் உண்டு; மட்டக்களப்புப் பிள்ளையும் மலையகத்துப் பிள்ளையும் உண்டு. "மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறான்" என்று ஊர் பெருமைப்படுகின்ற வேளையில், இன்னொரு நாட்டின் கணக்கேட்டில் அவன் வரவாகப் பதியப்படுகிறான். இதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். பிறநாடு சென்று கற்பதை நாம் பழிக்கவில்லை. நம் இலக்கிய விமர்சனத்துக்குப் புதுத்தடம் வகுத்த கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கியத்தைச் சமுதாய நோக்கில் ஆராய்ந்த மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிலே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர்கள். அங்கு பெற்ற ஒளியைக் கொண்டு சங்கச் செய்யுளையும் பழந்தமிழ் நாடகத்தையும் நோக்கினர். இருவரும் மீண்டு வந்து நம் மாணவருக்குக் கற்பித்தனர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகக் கைலாசபதியே பொறுப்பேற்றார். இத்தகைய கொடுக்கல் வாங்கலால் இரு நாடுகளும் வளர்ந்தனவேயன்றி எதுவும் நட்டமடையவில்லை.

இந்த உறவு வியாபாரமாக மாறியது எவ்வாறு? அதுவே நம் வினா.

1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பிலே கூடினர். அங்கு உருவானதே கொழும்புத் திட்டம். அதன்கீழ் ஆசிய மாணவர் பலர் புலமைப்பரிசில் பெற்று அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களிற் சேர்ந்தனர். இதைக் கருணையின் செயலென்று நாம் கைகூப்ப வேண்டியதில்லை. சீனப் புரட்சி வெற்றிபெற்றுச் சில மாதங்களே கழிந்திருந்தன. ஆசியா சிவந்துவிடும் என்ற அச்சமே அத்தாராளத்தின் பின்னே நின்றது. 'வெள்ளை அவுஸ்திரேலியா'க் கொள்கையும் அன்று நடைமுறையில் இருந்தது. ஆயினும், அன்று போன ஏழை மாணவன் விருந்தினனாகவே போனான். அவனுக்காகத் தகப்பன் காணி உறுதியை ஈடுவைக்கவில்லை.

பின்னர் காற்று திசை மாறியது. பிரித்தானியா 1967இல் வெளிநாட்டு மாணவருக்கு உயர்ந்த கட்டணம் விதித்தது. 1980இல் முழுச் செலவையும் அவர்கள் தலையிலே சுமத்தியது. அவுஸ்திரேலியாவோ 1974இல் பல்கலைக்கழகக் கட்டணத்தையே ஒழித்த நாடு. அதே நாடு 1985இல் முழுக் கட்டணம் செலுத்தும் பிறநாட்டாரைச் சேர்க்க வாயில் திறந்தது. 1990 முதல், புலமைப்பரிசில் இன்றிப் புதிதாக வருவோர் அனைவருக்கும் முழுக் கட்டணமே விதியாயிற்று. அரசு தன் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்க மறுத்த பணம் ஆசிய நடுத்தரக் குடும்பங்களின் பெட்டகங்களிலே தேடப்பட்டது.

வாயிலில் நிற்பதற்கே என்ன விலை? 710 அவுஸ்திரேலிய டொலராக இருந்த மாணவர் வீசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. வீசா மறுக்கப்பட்டாலும் அப்பணம் பொதுவாக மீள்வதில்லை. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் கையிலுண்டெனக் காட்ட வேண்டுமென்று 2024 மே மாதத்தில் விதித்தனர். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதற்குப் புறம்பு. தாயின் தாலிக்கொடி அடைவுக்குப் போவதும் காணி கைமாறுவதும் இங்கேதான்.

போன பின்னராவது நிம்மதியுண்டா? பாடம் நடைபெறும் காலத்தில் இரு வாரத்துக்கு இத்தனை மணிநேரமே வேலை செய்யலாம் என்பது சட்டம். 2023 ஜூலை முதல் அது 48 மணிநேரம். வாடகையும் உணவும் அந்த வரம்பை அறியா. வரம்பை மீறியவன் வீசாவை இழக்கலாம் என்பதை முதலாளி நன்கறிவான். 2015இல் அவுஸ்திரேலியாவின் பெருஞ்சங்கிலிக் கடைகள் சிலவற்றில் வெளியான மோசடி இதுவே: முழுநேரம் உழைத்தவனுக்குப் பாதி நேரக் கூலி, முறையிட்டால், "நீ வரம்பை மீறியவன்" என்ற மிரட்டல். சட்டமே சுரண்டலுக்குச் சாட்டையாயிற்று.

2020இல் கொள்ளைநோய் பரவி வேலைகள் மறைந்தன. ஏப்ரலில் பிரதமர் ஸ்கொட் மொரிசன், தம்மைத் தாமே தாங்க இயலாத தற்காலிக வீசாக்காரர் வீடு திரும்பவேண்டிய வேளை இது என்றார். ஊதிய உதவித் திட்டத்திலும் அவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. 2022இல் இடி இங்கிருந்து விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360ஐ அண்மித்தது. ரூபாவில் உழைத்து டொலரிற் கட்டணம் அனுப்பிய குடும்பங்களின் கதி என்ன? சரக்கின் விலையோ டொலரிலேயே நின்றது.

"விரும்பித்தானே போகிறார்கள்?" என்று சிலர் கேட்பர். தாகித்தவன் விலைக்குத் தண்ணீர் வாங்குவதும் விருப்பத்தினாலேதான்! கிணற்றைத் தூர்த்தவன் யார் என்பதல்லவா கேள்வி? 1945இல் இலவசக் கல்வி வழங்கிப் பெருமை கொண்ட நாடு இது. அந்நாட்டிலேயே, உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் பெரும்பான்மையோருக்கு இன்றும் அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவர் பலரின் வாயிலை அடைத்து, வசதியுள்ளோரைக் கடல்கடக்க வைத்ததையும் நாம் மறந்திலோம். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய உற்பத்தியின் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி நூறு நாளளவு வேலைநிறுத்தம் செய்தனர். அக்கோரிக்கை இன்றும் கோரிக்கையாகவே கிடக்கிறது. உள்நாட்டில் வாயிலை ஒடுக்குவோரும் வெளிநாட்டில் வாயிற்கூலி வாங்குவோரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வியாபாரத்தின் பங்காளிகளாகின்றனர்.

எனவே போகின்ற மாணவனை நாம் ஏசோம். அவன் குற்றவாளியல்லன், கடனாளி. ஆசிரியத் தோழர்களே, முகவரின் வண்ணத்தாளை அவன் நம்புமுன் முழுக்கணக்கையும் அவன் முன் வையுங்கள்: கட்டணம், வாடகை, வட்டி, நாணய வீழ்ச்சி யாவற்றையும். கடல்கடந்த மாணவ நண்பர்களே, தனித்து அஞ்சிக் கிடவாமல் அங்குள்ள தொழிற்சங்கங்களிலே சேருங்கள். உங்களுக்குக் கற்பிக்கும் விரிவுரையாளருட் பலர் நிரந்தரமற்ற மணிக்கூலி உழைப்பாளிகள். அவர்கள் உங்கள் பகைவரல்லர்.

நாம் இங்கே கேட்பது வெளிநாட்டுக் கதவுகளை மூடுமாறன்று. நம் கதவுகளைத் திறக்குமாறு. நம் மண்ணிலே இடமிருந்தும், இன்னும் அறிய வேண்டுமென்ற வேட்கையால் ஒரு பிள்ளை கடல்கடக்கும் நாள் வரவேண்டும். அன்று அவன் சரக்கு வாங்கப் போகிறவனாயிரான். மீண்டும் மாணவனாய் இருப்பான்.